எஃப்.சி. காட்டப் போகிறீர்களா? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

எங்கள் பக்கம் யாரும் "வண்டியைச் சோதனைக்கு எடுத்துப் போகிறேன்" என்று சொல்வதில்லை, "எஃப்.சி. காட்டப் போகிறேன்" என்றுதான் சொல்வார்கள். எஃப்.சி. என்பது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று கொடுக்கிற சான்று. "காட்டுவது" என்ற சொல் சரியாகத்தான் இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவது போல அன்றைக்கு ஒரு நாள் வண்டியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, இரவல் நகை போட்டு நிறுத்துகிறோம். என்னிடம் ஒரு குட்டி யானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி இருக்கிறது, அப்பா 2004-இல் வாங்கிய ஒரு பெட்ரோல் காரும் இருக்கிறது. இரண்டையும் பல தடவை காட்டியாகிவிட்டது. அதனால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு வழக்கத்தை வைத்து எழுதியது, ஆனால் சட்டம் மத்திய அரசுடையது என்பதால் பெரும்பகுதி இந்தியா முழுக்கப் பொருந்தும்.

எஃப்.சி. எல்லா வண்டிக்கும் உண்டா? என் பைக்குக்கு யாரும் கேட்டதே இல்லையே?

உங்கள் பைக்குக்கு இப்போதைக்குக் கேட்க மாட்டார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஆட்டோ, டாக்ஸி, லாரி, பஸ், வேன், பள்ளிப் பேருந்து, சரக்கு ஏற்றுகிற குட்டி யானை எல்லாம் போக்குவரத்து வாகனங்கள். மஞ்சள் போர்டு என்று நாம் சொல்வது இவற்றில் பெரும்பாலானதைத்தான். சொந்த உபயோகத்துக்கான கார், பைக், ஸ்கூட்டர் எல்லாம் அந்தப் பக்கம், வெள்ளை போர்டு. தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., குறிப்பிட்ட இடைவெளியில் தேவைப்படுவது முதல் வகைக்கு. சட்டத்தின் 56-ஆம் பிரிவு இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறது: செல்லுபடியாகும் எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. அதாவது ஆர்.சி. புக் (பதிவுச் சான்று) கையில் இருந்தாலும் எஃப்.சி. தேதி போய்விட்டால் சட்டத்தின் கண்ணில் அது பதிவில்லாத வண்டி. பின்னால் அபராதம் பற்றிப் பேசும்போது இந்த ஒரு வரி எவ்வளவு கடிக்கும் என்று தெரியும்.

சொந்த வண்டிக்கு 15 வருஷம் வரை பொல்யூஷன் சான்று தவிர வேறு சோதனை கிடையாது. அது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். 14 வருஷமாக ஒரு மெக்கானிக் கையும் படாத கார்கள் நம்மோடுதான் நான்கு வழிச்சாலையில் ஓடுகின்றன.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும்?

முன்பு புது வண்டிக்கு முதல் இரண்டு வருஷம், அப்புறம் வருஷா வருஷம் என்று இருந்தது. 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 62-ஆம் விதியை மாற்றினார்கள். இப்போது வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, எட்டைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு வருஷமும். கம்பெனியிலேயே முழுசாகக் கட்டி வருகிற புது வண்டிக்குப் பதிவின்போது தனியாக எஃப்.சி. காட்ட வேண்டியதில்லை, முதல் இரண்டு வருஷத்துக்கு எஃப்.சி. இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். சேஸிஸ் மட்டும் வாங்கி நாமக்கல்லிலோ கரூரிலோ பாடி கட்டுகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பாடி கட்டி முடித்த வண்டியைக் கொண்டுபோய்க் காட்டித்தான் ஆக வேண்டும்.

என் காருக்கு 15 வருஷம் முடியப் போகிறது. இனி என்ன?

ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். தேதி முடிவதற்கு 60 நாளைக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், படிவம் 25. பரிவாகன் என்கிற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டி, நாள் வாங்கிக்கொண்டு வண்டியை நேரில் கொண்டு போக வேண்டும். அங்கே ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்து, ஓட்டிப் பார்த்தோ பார்க்காமலோ முடிவு செய்வார். தேறினால் ஐந்து வருஷம். அதற்குப் பிறகு மறுபடி ஐந்து. பசுமை வரி பாக்கி இருந்தால் அதையும் கட்டச் சொல்வார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு அரை நாளைத் தின்றது: பழைய கார்களில் சேஸிஸ் நம்பர் துரு பிடித்தோ பெயிண்ட் ஏறியோ மறைந்திருக்கும். முந்தின நாளே தேடிக் கண்டுபிடித்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பேப்பர் வைத்துப் பென்சிலில் தேய்த்தால் எழுத்து விழுகிறதா என்று பாருங்கள். நான் அந்த மைதானத்தில் வெயிலில் குப்புறப் படுத்துத் தேடினேன், பக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு இடம் காட்டினார்கள்.

கட்டணம் எவ்வளவு? ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொகை சொல்கிறார்களே?

ஒவ்வொருவரும் வேறு வேறு வருஷத்தில் கட்டியதைச் சொல்கிறார்கள், அதுதான் குழப்பம். 2022 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க பைக்குக்கு 1,000 ரூபாய், மூன்று சக்கர வண்டிக்கு 2,500, காருக்கு 5,000 என்று ஆனது. 2025 ஆகஸ்டில் இன்னொரு அறிவிக்கை வந்து, 20 வருஷம் தாண்டியவற்றுக்கு அதை இரட்டிப்பாக்கியது: பைக்குக்கு 2,000, மூன்று சக்கரத்துக்கு 5,000, காருக்கு 10,000. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த கார் என்றால் 80,000. அப்பாவின் காருக்கு 2024-இல் இரண்டாம் முறை புதுப்பித்தபோது 5,000 கட்டினேன். அதே வண்டியை இப்போது கொண்டு போனால் 10,000. நோக்கம் ஒளிவுமறைவானது இல்லை, பழைய வண்டியை வைத்திருப்பது கட்டுப்படியாகாமல் செய்வதுதான்.

மஞ்சள் போர்டு வண்டிகளுக்கான எஃப்.சி. கட்டணமும் வயதைப் பொறுத்து ஏறுகிறது, அதுவும் அண்மையில் மாறியிருக்கிறது. எனவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தொகையை நம்பாமல் பரிவாகன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, அது காட்டுகிற தொகையைப் பாருங்கள். அதற்கு மேல் யாராவது கேட்டால் அது அரசாங்கக் கட்டணம் இல்லை.

தேதி தாண்டிவிட்டது. மாட்டினால் என்ன ஆகும்?

தாமதத்துக்கு எஃப்.சி.யில் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் என்று 2021-இல் வந்த அறிவிக்கை சொல்கிறது. சொந்த வண்டி ஆர்.சி. என்றால் பைக்குக்கு மாதம் 300, காருக்கு மாதம் 500. ஷெட்டில் ஆறு மாதம் கிடந்த வண்டிக்கு எஃப்.சி. காட்டப் போய் தாமதக் கட்டணமே 9,000 என்று கேட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

ரோட்டில் பிடித்தால் அது தனி. மேலே சொன்ன 56-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள்: எஃப்.சி. இல்லை என்றால் பதிவில்லாத வண்டி. பதிவில்லாத வண்டியை ஓட்டினால் 192-ஆம் பிரிவின்படி முதல் முறை குறைந்தது 2,000, அதிகபட்சம் 5,000 ரூபாய். அடுத்த முறை 5,000 முதல் 10,000 வரை, அல்லது ஒரு வருஷம் வரை சிறை.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து இன்ஷூரன்ஸ். எஃப்.சி. காலாவதியான வண்டி விபத்தில் சிக்கினால், உங்கள் வண்டிச் சேதத்துக்கான தொகையை மறுக்க கம்பெனிக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. அடிபட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டில், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாவதும் உண்டு. அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும். 50 ரூபாய், 5,000 ரூபாய் எல்லாம் அதற்கு முன்னால் தூசு.

பிரேக் இன்ஸ்பெக்டர் எதையெல்லாம் பார்ப்பார்?

அரசுக் காகிதத்தில் அவர் பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். நமக்கு என்றைக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர்தான், அந்தப் பெயரே எது முக்கியம் என்று சொல்லிவிடுகிறது.

62-ஆம் விதியில் ஒரு பட்டியல் இருக்கிறது. பிரேக், ஸ்டியரிங், ஹெட்லைட், மற்ற விளக்குகள், ரிஃப்ளெக்டர், பின்பார்வைக் கண்ணாடி, முன்கண்ணாடி, ஹாரன், சைலன்சர், வைப்பர், ஸ்பீடாமீட்டர், புகை என்று போகும். எல்லாவற்றையும் விளக்கப் போவதில்லை. வழக்கமாக ஆட்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் விளக்குகள். பாதிப் பேர் இங்கேதான் திரும்பி வருகிறார்கள், அதுவும் 40 ரூபாய் பல்புக்காக. ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட், பின்பக்க பிரேக் லைட் இந்த மூன்றையும் ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க முடியாது, அதனால் எரியாமல் இருப்பதே தெரியாது. இருட்டிய பிறகு ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட்டில் விதி என்ன சொல்கிறது என்றால், எட்டு மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஒருவருக்குக் கூசக்கூடாது. முன்பெல்லாம் போலீஸ்காரர் ஹெட்லைட்டில் கறுப்புப் பொட்டு வைத்துவிடுவார், அந்தக் காலம் போய் இப்போது கடைகளில் கண்ணைப் பறிக்கிற வெள்ளை எல்.இ.டி. விற்கிறார்கள், போட்டுக்கொண்டு வந்தால் கழற்றச் சொல்வார்கள்.

அப்புறம் ஸ்டியரிங். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டினால் சக்கரம் அசையாமல் எவ்வளவு தூரம் சும்மா சுற்றுகிறது என்று பார்ப்பார். லாரிக்காரர்களுக்கு கிங் பின் தேய்மானம், டை ராட் எண்ட் ஆட்டம் என்று முன்சக்கரத்தைத் திருப்புகிற பாகங்களின் குறை எல்லாம் இதில் தெரிந்துவிடும். நன்றாகத் தெரிந்த ஆய்வாளர் வண்டிக்கு அடியில் குனியாமலே, முன்சக்கரத்தை இரண்டு கையால் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுச் சொல்லிவிடுவார்.

பிரேக்கை ஓட்டி அடித்துப் பார்ப்பார். ஒரு பக்கமாக இழுத்தால் போச்சு. ஹேண்ட் பிரேக்கை மறந்துவிடாதீர்கள், நம்மில் பலர் கியரில் போட்டு நிறுத்திவிட்டுக் கல்லை வைக்கிற பழக்கத்தில் இருப்பதால் அது செத்துப் போயிருப்பதே தெரியாது.

சரக்கு வண்டிகளில் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். ஏ.ஐ.எஸ். 090 என்கிற வாகனத் தொழில் தரம் இருக்க வேண்டும். பேன்சி கடையில் மீட்டர் 30 ரூபாய்க்கு வாங்கியது ஒரு மழைக்குத் தாங்காது. பெரிய வண்டிகளுக்குப் பின்னாலும் பக்கத்திலும் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். பைக்கும் காரும் அடியில் நுழைந்துவிடாமல் தடுப்பதற்குத்தான் அது. அது வளைந்து தொங்கினால் நிமிர்த்திவிட்டுப் போங்கள். ஸ்பீடு கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி) பொருத்த வேண்டிய வண்டி என்றால் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர், டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து என்றால் 60.

காகிதங்களில் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பொல்யூஷன், பெர்மிட், வரி கட்டிய ரசீது. ஃபாஸ்டேக் ஒட்டியிருக்க வேண்டும், 2019 அக்டோபரிலிருந்து இது போக்குவரத்து வண்டிகளுக்குக் கேட்கப்படுகிறது. ஆட்டோ என்றால் மீட்டருக்கு எடையளவுத் துறை முத்திரை.

டயர் எவ்வளவு தேய்ந்திருக்கலாம்? எஃப்.சி.க்கு வாடகை டயர் கிடைக்குமாமே?

விதிப்படி பட்டன் ஆழம், அதாவது டயர் பள்ளத்தின் ஆழம், கார், லாரி, பஸ்ஸுக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பைக், ஆட்டோவுக்கு 0.8. அளக்கக் கருவி வேண்டியதில்லை. டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்று பொருள். டயர் ஓரத்தில் சின்ன முக்கோணக் குறியோ எழுத்தோ போட்டு அந்த மேடு எங்கே இருக்கிறது என்று காட்டியிருப்பார்கள்.

வாடகை டயர் கிடைக்கும், கிடைக்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. காலையில் நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு, மத்தியானம் கழற்றிவிட்டு மொட்டை டயரோடு வீட்டுக்குப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். டயர் மட்டும் இல்லை, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, ஸ்டெப்னி எல்லாம் கைமாறும். ஒரே சிவப்பு சிலிண்டர் ஒரு காலையில் ஐந்து வண்டிக்குள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், அந்த ஐந்தில் ஒன்று பள்ளி வேன் என்று தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். வாடகை, கழற்றி மாட்டுகிற கூலி, அலைச்சல் எல்லாம் கூட்டினால் ஒரு நல்ல டயர் விலையில் கணிசமான பங்கு ஆகிவிடுகிறது. ஏமாற்றப்படுவது ஆய்வாளர் இல்லை. மழையில் அந்த மொட்டை டயரில் உட்கார்ந்து போகப் போவது அவர் இல்லையே.

எஃப்.சி.க்கு முன்னால் கட்டாயம் பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

62-ஆம் விதிப் பட்டியலில் பளபளப்பு என்று ஒரு வரி இல்லை. ஆனால் பாடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் அது பெயிண்ட் விஷயம் இல்லை, உறுதி விஷயம், டிங்கரிங் பார்த்தே ஆக வேண்டும். நம்பர், எடை விவர எழுத்துகள் அழிந்திருந்தால் எழுதிக்கொண்டு போங்கள். பள்ளி வண்டி மஞ்சள், ஆட்டோவுக்கு அதற்குரிய நிறம், இது மாதிரி நிறம் நிர்ணயித்த வண்டிகள் அந்த நிறத்தில் இருக்க வேண்டும். மற்றபடி ஒட்டுமொத்தமாகப் பெயிண்ட் அடித்துப் பணத்தைக் கரைத்துவிட்டு, பிரேக் லைனிங் மாற்ற "அடுத்த தடவை பார்க்கலாம்" என்கிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை. பட்டி போட்டு மூடிய துருவை விரலால் தட்டினாலே சத்தத்தில் தெரிந்துவிடும்.

வண்டியில் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். பிரச்சினை வருமா?

வரும். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்பது 52-ஆம் பிரிவு. முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி பம்பர், பல குரல் ஏர் ஹாரன், சைலன்சரை அறுத்தது, லோடு பாடியை உயர்த்தியது, சீட்டைக் கூட்டியது எல்லாம் இதில் வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிட்டுப் போங்கள். முன், பின் கண்ணாடியில் 70 விழுக்காடு, பக்கக் கண்ணாடியில் 50 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி.

மெஷினில் சோதனை செய்கிற நிலையங்கள் வருகின்றனவாமே? அங்கே போனால் கஷ்டமா?

தானியங்கி சோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021 செப்டம்பரில் வந்தன. எல்லா மாவட்டத்திலும் இன்னும் இல்லை. அங்கே வண்டியை உருளை மேல் ஏற்றி நிறுத்துவார்கள், உருளை சக்கரத்தைச் சுழற்றும், நீங்கள் பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையில் பிடிக்கிறது என்று எண்ணாக வந்துவிடும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வித்தியாசம் இருந்தால் மறைக்க முடியாது. பக்கவாட்டில் சக்கரம் எவ்வளவு நழுவுகிறது, ஹெட்லைட் எந்த உயரத்தில் அடிக்கிறது, ஸ்பீடாமீட்டர் உண்மை சொல்கிறதா, டீசல் புகை எவ்வளவு அடர்த்தி, எல்லாமே கருவியில்.

கஷ்டமா என்றால், "தெரிந்த ஆள்" என்ற வசதி குறைகிறது, அந்த வகையில் கஷ்டம்தான். எனக்கு மெஷின் பிடித்திருக்கிறது. "பிரேக் கொஞ்சம் சரியில்லையே" என்று ஓர் ஆள் சொன்னால் அவரோடு சண்டை போடலாம். பின் இடது சக்கரம் பாதிதான் பிடிக்கிறது என்று காகிதத்தில் எண் வந்தால் நேராக மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம், அவருக்கும் எங்கே கை வைப்பது என்று தெரியும். ஆனால் மெஷின் வைத்திருப்பதும் மனிதர்கள்தான் என்பதை மறக்கவில்லை.

தேறவில்லை என்றால் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்களா?

சாதாரணமாக இல்லை. என்ன குறை என்று எழுதிக் கொடுப்பார்கள், சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும், அதற்கு மறு கட்டணம் இருக்கும். வாய்மொழியாகச் சொன்னால் போதாது, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "பிரேக்" என்று ஒரு சொல்லோடு வந்தால் மெக்கானிக் நான்கு சக்கரத்தையும் பிரித்துக் கூலி வாங்குவார். தானியங்கி நிலையத்தில் மறுசோதனையிலும் தேறாவிட்டால் ஆயுள் முடிந்த வண்டி என்று அறிவிக்க விதியில் இடம் இருக்கிறது, அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

புரோக்கர் இல்லாமல் முடியுமா?

முடியும். நான் முதல் தடவை புரோக்கர் மூலம் போனேன், என்னென்ன செய்தார் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன்: பரிவாகனில் விண்ணப்பம், பணம், நாள், ஒரு பிளாஸ்டிக் கவரில் காகிதங்கள். அதற்கு அவர் வாங்கிய தொகையில் என் வண்டிக்கு இரண்டு பேட்டரி வாங்கியிருக்கலாம். அடுத்த தடவையிலிருந்து நானே. ஒரு தடவை ஓர் அலுவலகத்தில் "ஆள் மூலமா வரலையா?" என்று கேட்டு மதியம் வரை நிற்க வைத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நின்றேன், முடிந்தது. லீவு போட முடியாதவர்கள், கணினி பழக்கம் இல்லாதவர்கள் புரோக்கரிடம் போவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "வண்டியே வர வேண்டாம், எஃப்.சி. வீட்டுக்கு வரும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பொல்யூஷன் சான்றும் எஃப்.சி.யும் ஒன்றா?

இல்லை. பொல்யூஷன் சான்று பைக், கார், லாரி என்று புகை விடும் எல்லா வண்டிக்கும் வேண்டும். புது வண்டிக்கு முதல் ஒரு வருஷம் தேவையில்லை. அதன் பிறகு பி.எஸ். 4, பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் என்கிற புகை அளவுத் தரம்) வண்டி என்றால் வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு முந்தியவை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 100 ரூபாய் சுற்றில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பெரிய அபராதத்தை ஏன் வாங்க வேண்டும்?

சி.என்.ஜி., எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு?

சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சிலிண்டரோடு இருக்கும் தகட்டில் தேதி இருக்கும். எஃப்.சி.யில் கேட்கிறார்களோ இல்லையோ, 200 மடங்கு காற்றழுத்தத்தில் வாயு அடைத்த ஒரு குடுவை உங்கள் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, அதைத் தள்ளிப் போடாதீர்கள். வெளியில் பொருத்திய கிட் என்றால் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். எலெக்ட்ரிக் வண்டிக்குப் பொல்யூஷன் வேண்டாம், ஆர்.சி. கட்டணமும் இல்லை. ஆனால் அது மஞ்சள் எழுத்துப் பச்சை போர்டு ஆட்டோவாகவோ சரக்கு வண்டியாகவோ இருந்தால் எஃப்.சி. உண்டு, பிரேக் அதற்கும் பிரேக்தானே.

பள்ளி வேனுக்கு மட்டும் ஏன் மே மாதம் தனியாகச் சோதனை?

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம், ஓடுகிற பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ரோட்டில் விழுந்து அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அந்தப் பேருந்து எஃப்.சி. வாங்கிய பேருந்து. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. அதிலிருந்துதான் கோடை விடுமுறையில் வட்டாரப் போக்குவரத்து, காவல், கல்வி, வருவாய் அதிகாரிகள் சேர்ந்து மைதானத்தில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்கள். தரைப் பலகை, படிக்கட்டு உயரம், அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாடு எல்லாம் பார்ப்பார்கள். 2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ரிவர்ஸில் வந்த வேன் மோதி ஒரு சிறுவன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமராவும் பின்பக்க சென்சாரும் விதியில் சேர்ந்தன.

பெற்றோர் கேட்கிற இன்னொரு கேள்வி: "நாங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஓர் ஆம்னி வேன் பேசியிருக்கிறோம், அதற்கும் இது உண்டா?" அந்த வேன் வெள்ளை போர்டு என்றால், அதை யாரும் 15 வருஷம் சோதிக்கப் போவதில்லை, வாடகைக்கு ஓட்டவும் அதற்கு அனுமதி இல்லை. பிள்ளையை ஏற்றிவிடும் முன் நீங்களே ஒரு நாள் உள்ளே ஏறி மிதியடியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். டிரைவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

டெல்லி மாதிரி இங்கேயும் 15 வருஷ வண்டியைத் தூக்கிவிடுவார்களா?

டெல்லியில் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் என்ற கட்டுப்பாடு அங்கே காற்று மாசு வழக்கில் வந்தது. தமிழ்நாட்டில் சொந்த வண்டிக்கு அப்படி வயது வரம்பு இல்லை. சோதனையில் தேறி, கட்டணம் கட்டினால் ஓட்டலாம். அரசு வண்டிகள்தான் விதிவிலக்கு: 2023 ஏப்ரல் 1-இலிருந்து 15 வருஷம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை.

எஃப்.சி. வாங்கின வண்டிதான், மறுவாரமே பிரேக் போய்விட்டது. யாரைக் கேட்பது?

யாரையும் கேட்க முடியாது. அந்தக் காகிதம் சொல்வது, குறிப்பிட்ட அந்த நாளில் ஆய்வாளர் பார்த்தபோது வண்டி விதிக்கு உட்பட்டு இருந்தது என்பதை மட்டும்தான். அடுத்த எஃப்.சி. வரை அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. குறை தெரிந்தும் வண்டியை ரோட்டில் ஓட்டினால் 190-ஆம் பிரிவில் 1,500 ரூபாய், அதனால் யாருக்காவது அடிபட்டால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இதற்கு எஃப்.சி. இருந்தது என்பது பதில் ஆகாது. எஃப்.சி. கொடுத்த அதிகாரியே காரணத்தை எழுதி அதை ரத்து செய்யவும் முடியும்.

எனக்கு நடந்தது பதினெட்டாம் நாள். குட்டி யானையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வரும்போது பவானிக்கு முன்னால் பெடல் மெத்தென்று உள்ளே போனது. இரண்டாவது மிதியில் பிடித்துவிட்டது, நல்ல வேளை முன்னால் யாரும் இல்லை. பின் சக்கர சிலிண்டரில் ரப்பர் கப் பழசாகி பிரேக் ஆயில் கசிந்திருக்கிறது, டிரம்முக்குள் என்பதால் வெளியே சொட்டவில்லை. காட்டின அன்றைக்கு பிரேக் நன்றாகவே பிடித்தது, ஆய்வாளர் மேல் தப்பில்லை. ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்ததை இரண்டு வாரமாக நான்தான் பார்க்கவில்லை. கப்பின் விலை 60 ரூபாய்.